அந்த ஆறு ஆண்டுகளை ‘கேப்’ என்று எழுதாதீர்கள்

“2016ல எம்.எஸ்சி. முடிச்சிருக்கீங்க. 2022ல பிஎச்.டி.க்கு வர்றீங்க. நடுவுல இவ்வளவு பெரிய கேப் ஏன்?”

நேர்முகத் தேர்வில் எனக்கு வந்த முதல் கேள்வி இதுதான். வேதியியலில் ஒரு கேள்வியும் கேட்பதற்கு முன்பே வந்துவிட்டது. விண்ணப்பத்தில் அந்த ஆறு ஆண்டுகளுக்கு நேராக ‘முதுகலை வேதியியல் ஆசிரியர், தனியார் மேல்நிலைப் பள்ளி’ என்று எழுதியிருந்தேன். “ஸ்கூல்ல டீச்சரா இருந்தேன் சார்” என்று வாயாலும் சொன்னேன். “அது தெரியுது. ரிசர்ச்ல கேப்தானே?” என்றார் அவர். பக்கத்திலிருந்தவர் தாளில் எதையோ குறித்துக்கொண்டார்.

அங்கே எனக்கு இடம் கிடைக்கவில்லை. பிறகு வேறொரு நிறுவனத்தில் கிடைத்தது. இன்று தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிப்பதற்கான வினையூக்கிகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அனுதாபம் தேடி இதை எழுதவில்லை. ‘கேப்’ என்கிற அந்த ஒரு சொல்லுக்குள் சாதி எவ்வளவு வசதியாக உட்கார்ந்திருக்கிறது என்று காட்டத்தான் எழுதுகிறேன். அந்தச் சொல்லை நம்மில் பலரே நம் விண்ணப்பங்களில் நாமாகவே எழுதிக்கொடுக்கிறோம். முதலில் அதை நிறுத்த வேண்டும்.

காத்திருப்பதற்கும் சொத்து வேண்டும்

எம்.எஸ்சி. முடித்தவுடன் ஆய்வுக்குப் போகிறவர் யார்? நெட், கேட் தேர்வுகளுக்கு ஓராண்டு வீட்டில் உட்கார்ந்து படிக்க முடிந்தவர். முதல் முறை தவறினால் இரண்டாவது ஆண்டும் படிக்க முடிந்தவர். இடம் கிடைத்து, உதவித்தொகை வந்து சேரும் வரை விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டிலிருந்து பணம் வருகிறவர். இதில் எங்கேயும் வேதியியல் அறிவு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வருவதெல்லாம் காத்திருக்கும் வசதிதான். சாதி தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றுவது நிலமும் வீடும் மட்டுமல்ல, இந்தக் காத்திருக்கும் வசதியையும் சேர்த்துத்தான்.

நான் எம்.எஸ்சி. கடைசித் தேர்வு எழுதிய ஆண்டில் அப்பா சாரத்திலிருந்து விழுந்தார். முழங்கால் போனது. கட்டட வேலைக்கு அதன்பிறகு அவரால் போக முடியவில்லை. அம்மாவின் நூறு நாள் வேலைக் கூலியில் மருந்துச் செலவுகூட முடியாது. தங்கை பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியல் வருவதற்கு முன்பே நான் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். சம்பளம் 11,000 ரூபாய். பி.எட். இல்லை என்று அதிலும் 1,500 குறைத்துத்தான் கொடுத்தார்கள். பதினொன்று, பன்னிரண்டு என்று நான்கு பிரிவுகள். வாரம் முழுக்கச் சிறப்பு வகுப்பு. 2020இல் கொரோனா வந்தபோது பாதிச் சம்பளம், அதுவும் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை.

இதில் என்ன அதிசயம் இருக்கிறது? ஒன்றுமில்லை. தமிழ்நாட்டின் தனியார் பள்ளிகளில் இயற்பியலும் வேதியியலும் நடத்திக்கொண்டிருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளிடம் கேட்டுப் பாருங்கள். ஆய்வுக்குப் போகும் ஆசையை அலமாரியில் மடித்து வைத்துவிட்டு வந்தவர்கள் ஒவ்வொரு ஆசிரியர் அறையிலும் இருப்பார்கள். அவர்களில் திரும்பி வந்தவர்களைத்தான் நேர்முகத் தேர்வுக் குழு ‘கேப்’ என்கிறது. வராமலே போனவர்களைப் பற்றி அந்தக் குழுவுக்குத் தெரியவே தெரியாது.

என் ஆய்வுக் கேள்வி எங்கே பிறந்தது

அந்த ஆறு ஆண்டுகளில் நான் ஆய்விலிருந்து விலகியிருந்தேன் என்பதே பொய். என் ஆய்வுக் கேள்வியை எனக்குக் கொடுத்ததே பன்னிரண்டாம் வகுப்பு ‘பி’ பிரிவுதான்.

மின்வேதியியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளி ஆய்வகத்தில் மின்னாற்பகுப்புக் கருவி இல்லை. இரண்டு பென்சில்களின் இரு முனைகளையும் சீவி, ஒரு டம்ளர் தண்ணீரில் சமையல் சோடாவைக் கரைத்து, அதில் நிறுத்தினேன். ஒன்பது வோல்ட் பேட்டரியை இணைத்ததும் இரண்டு முனைகளிலும் குமிழி வந்தது. ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு. அதிகமாக வருவது ஹைட்ரஜன், குறைவாக வருவது ஆக்சிஜன் என்று சொன்னேன். வகுப்பு கை தட்டியது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “மிஸ், தண்ணியைப் பிரிக்க 1.23 வோல்ட் போதும்னு போர்டுல எழுதினீங்க. கடிகார பேட்டரியே 1.5 வோல்ட். அதை ஏன் போடலை?”

போட்டுப் பார்த்தோம். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு குமிழிகூட வரவில்லை.

கணக்குப்படி நடக்க வேண்டிய வினை நடைமுறையில் ஏன் நடக்கவில்லை? அவள் கேட்ட இந்தக் கேள்விக்குப் பின்னால்தான் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஆய்வகங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. தண்ணீரைப் பிரிக்கத் தேவையான குறைந்தபட்ச மின்னழுத்தம் 1.23 வோல்ட். ஆனால், மின்முனையின் பரப்பில் வினை தடங்கலின்றி நடக்க அதற்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கூடுதலைத்தான் மிகை மின்னழுத்தம் என்கிறோம். பெரும் சிக்கல் ஆக்சிஜன் வெளிவரும் பக்கத்தில் இருக்கிறது. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு எலெக்ட்ரான்கள் அடுத்தடுத்து இடம்பெயர வேண்டும். ஒவ்வொரு படியிலும் தடை. அந்தத் தடையைக் குறைப்பதுதான் வினையூக்கியின் வேலை.

இதில் குறையும் ஒவ்வொரு வோல்ட் துளியும் காசு. ஒரு கிலோ ஹைட்ரஜனை எரித்தால் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 33 யூனிட். அதை மின்னாற்பகுப்பில் தயாரிக்க இன்றைய கருவிகள் 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் குடிக்கின்றன. இந்த இடைவெளியைக் குறைக்காமல் பசுமை ஹைட்ரஜன் மலிவாகாது.

அமில ஊடகத்தில் வேலை செய்யும் கருவிகளில் ஆக்சிஜன் பக்கத்துக்கு இரிடியத்தை நம்பியிருக்கிறார்கள். உலகம் முழுவதும் ஓராண்டில் கிடைக்கும் இரிடியம் பத்து டன்னைத் தொடாது. அதில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில், பிளாட்டினம் எடுக்கும் சுரங்கங்களில் துணைப்பொருளாகக் கிடைப்பது. 2012 ஆகஸ்ட் 16 அன்று மரிக்கானாவில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த 34 தொழிலாளர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்றதே, அதுவும் பிளாட்டினச் சுரங்கம்தான். ‘தூய ஆற்றல்’ என்று நாம் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால்தான் என்னைப் போன்றவர்கள் கார ஊடகத்தில் நிக்கலையும் இரும்பையும் கலந்து வேலை செய்யவைக்கப் பார்க்கிறோம். இரண்டும் மலிவு, ஏராளமாகக் கிடைப்பவை. ஆனால், சில நூறு மணி நேரம் ஓடியதும் இரும்பு கரைந்து வெளியேறத் தொடங்குகிறது. தொழிற்சாலைக்குத் தேவை பல்லாயிரம் மணி நேரம். அந்த இரும்பை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்பதே என் ஆய்வேடு.

வினையூக்கி வினையில் பங்கெடுக்கும், ஆனால் தீர்ந்துபோகாது என்றுதான் ஆறு ஆண்டுகள் பாடம் நடத்தினேன். ஆய்வகத்துக்கு வந்தபிறகுதான் தெரிந்தது, தேய்ந்துகொண்டேதான் இருக்கிறது. அளந்து பார்க்காதவர்கள்தான் தேயவில்லை என்கிறார்கள்.

அண்ணலுக்கும் ‘கேப்’ இருந்தது

தோழர்களே, இந்த நாட்டில் படிப்பு பாதியில் நின்று, வாத்தியார் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, மறுபடியும் ஆய்வுக்குப் போன ஒருவரை நமக்கு நன்றாகத் தெரியும். அவர் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறோம்.

பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் அம்பேத்கர் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்ற அனுமதி மட்டும் கையில் இருந்தது. பரோடாவில் வேலைக்குப் போனார். தங்க இடமில்லாமல் விரட்டப்பட்டார். 1918இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். ஆசிரியர்களுக்கான பானையிலிருந்து அவர் தண்ணீர் குடிப்பதை உடன் வேலை பார்த்தவர்கள் எதிர்த்தார்கள். 1920இல் வேலையை விட்டார். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததோடு கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் நண்பரின் கடனும் சேர, மறுபடி லண்டன் போனார். 1923இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டம். அப்போது அவருக்கு வயது 32. எனக்கும் இப்போது அதே வயது.

அந்த நேர்முகத் தேர்வுக் குழு அவரிடம் என்ன கேட்டிருக்கும்? “1917லேர்ந்து 1920 வரைக்கும் கேப் ஏன், மிஸ்டர் அம்பேத்கர்?” என்றுதானே கேட்டிருக்கும்? அந்த மூன்று ஆண்டுகளை யார் உண்டாக்கியது என்று கேட்டிருக்காது. சம்பளத்துக்குப் போகாமல் படித்தவனிடம் கேட்கப்படாத கேள்வி, சம்பாதித்துச் சேர்த்துவிட்டு வந்தவனிடம் கேட்கப்படுகிறது. அந்தப் பானை இன்று கல்லூரி ஆசிரியர் அறையில் இல்லாமல் இருக்கலாம். விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறது.

19,744 கோடியும் பதினொரு மாதமும்

2023 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மொத்த ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி இலக்கு. இதில் 17,490 கோடி உற்பத்தியாளர்களுக்கான ஊக்கத்தொகை. ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் 400 கோடி. அதாவது நூறு ரூபாயில் இரண்டு ரூபாய். வினையூக்கி இன்னும் தேய்ந்துகொண்டிருக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டியவர்களுக்கு இரண்டு ரூபாய், தொழிற்சாலை கட்டுகிறவர்களுக்கு எண்பத்தெட்டு ரூபாய்.

அந்த இரண்டு ரூபாயாவது ஆய்வகத்தில் நிற்பவர் கைக்குச் சரியாக வருகிறதா? 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000, முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 என்று உதவித்தொகை உயர்த்தப்பட்டது. நல்லது. ஆனால், ‘மாதம்’ என்பது காகிதத்தில்தான். எனக்கு முதல் தவணை வந்தது சேர்ந்த பதினோராவது மாதத்தில். அதுவரை மாலையில் பன்னிரண்டாம் வகுப்புக்கு டியூஷன் எடுத்தேன். அதாவது ஆய்வாளருக்குச் சோறு போட்டது மறுபடியும் அந்த வாத்தியார்தான். எவர் எழுதினார்களோ, அந்த ‘கேப்’தான் என்னைக் காப்பாற்றியது.

பதினொரு மாதம் பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் ரோகித் வெமுலாவை நினைத்துப் பார்க்க வேண்டும். 2016 ஜனவரி 17 அன்று அவர் விட்டுச் சென்ற கடிதத்தில், தனக்கு வர வேண்டிய ஏழு மாத உதவித்தொகை 1,75,000 ரூபாய் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. சாகப்போகிற ஒருவரை நிலுவைக் கணக்கு எழுதவைத்த நாடு இது. அந்தக் கடிதத்தைப் பகிர்கிறவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் உதவித்தொகை தாமதம் ‘நிர்வாகச் சிக்கல்’ என்றே அழைக்கப்படுகிறது. யாருடைய வீட்டிலிருந்து பணம் வராதோ அவர்களை மட்டுமே வெளியே தள்ளுகிற சிக்கலுக்கு ‘நிர்வாகம்’ என்று பெயர் வைப்பது சாதியின் பழைய சாமர்த்தியம். சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகைக்கோ அந்தச் சாமர்த்தியம்கூடத் தேவைப்படவில்லை. 2022 டிசம்பரில் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள்.

யாருடைய தகுதி?

ஐ.ஐ.டி.க்களில் 2015 முதல் 2019 வரை முனைவர் பட்டப் படிப்பில் சேர்ந்தவர்கள் பற்றி ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இது: பட்டியல் சாதியினர் 9.1 விழுக்காடு, பழங்குடியினர் 2.1 விழுக்காடு. சட்டம் சொல்வது 15, 7.5. மிச்ச இடங்கள் எங்கே போயின? “தகுதியான விண்ணப்பதாரர் கிடைக்கவில்லை” என்பது வழக்கமான பதில்.

2020இல் ஐ.ஐ.டி.க்களில் இடஒதுக்கீட்டை ஒழுங்காக நடைமுறைப்படுத்த வழி சொல்லுங்கள் என்று ஒரு குழு போட்டார்கள். டெல்லி ஐ.ஐ.டி. இயக்குநர் தலைமையிலான அந்தக் குழு சொன்ன வழி என்ன தெரியுமா? ஆசிரியர் நியமன இடஒதுக்கீட்டிலிருந்து ஐ.ஐ.டி.க்களுக்கு விலக்கு கொடுத்துவிடுங்கள். கிணற்றில் தண்ணீர் எடுக்க வழி கேட்டால், கிணற்றை மூடச் சொல்கிற வழி.

‘கிடைக்கவில்லை’ என்கிறார்களே, அவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்பதை உள்ளே இருந்து பார்க்கிறேன். தேர்வுப் பட்டியலில் எந்தப் பிரிவில் வந்தீர்கள் என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டுவிடுவார்கள். ஓர் ஆய்வகத்தில் இருக்கும் மின்வேதியியல் கருவி ஒன்றுதான் என்றால் அதன் நேரப் பட்டியலில் இரவு இரண்டு மணி யாருக்கு வரும், காலை பத்து மணி யாருக்கு வரும் என்பதற்கு எழுதப்படாத ஒரு விதி இருக்கும். கருவி பழுதானால் பழுது பார்க்க ஆள் வரும் வரை காத்திருப்பது ஒருவர் வேலை. கண்ணாடிக் கலன்களை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிக் கவிழ்ப்பது அதே ஒருவர் வேலை. ஆய்வுக் கட்டுரையில் பெயர் வரிசை போடும்போது மட்டும் அந்த ஒருவர் நான்காவது இடத்துக்குப் போவார். “நீங்க டீச்சரா இருந்தவங்க, புதுசா வந்த பசங்களுக்குச் சொல்லிக் குடுங்க” என்பார்கள். சொல்லிக் கொடுப்போம். ஆறு ஆண்டு அனுபவத்தை விண்ணப்பத்தில் கேப் என்பவர்கள், ஆய்வகத்தில் அதே அனுபவத்தை இலவசமாக எடுத்துக்கொள்வார்கள்.

இதில் எதையும் புகார் மனுவாக எழுத முடியாது. யாரும் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டவில்லை. இரவு இரண்டு மணிக்கு வேலை செய்யச் சொல்வது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வராது. நான்கு ஆண்டுகளில் இப்படிக் கழியும் ஒவ்வொரு இரவும் கடைசியில் ஒரே எண்ணாக மாறும்: கட்டுரைகளின் எண்ணிக்கை. அந்த எண்ணை வைத்துத்தான் உதவிப் பேராசிரியர் நேர்முகத் தேர்வில் தகுதியை அளப்பார்கள். பிறகு, “கிடைக்கவில்லை” என்பார்கள்.

வெற்றிக் கதை வேண்டாம்

இனி நம் பக்கம் பேசுவோம். நான் ஆய்வில் சேர்ந்தபோது உள்ளூர் யூடியூப் சேனல் ஒன்றிலிருந்து பேட்டி கேட்டார்கள். ‘பள்ளி ஆசிரியை விஞ்ஞானி ஆன கதை’ என்று தலைப்பு வைக்கப்போவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். நம் தோழர்களே கோபித்துக்கொண்டார்கள். “நம்ம பிள்ளைங்களுக்கு ஒரு உந்துதலா இருக்குமில்ல?” என்றார்கள்.

அன்பான கேள்விதான். ஆனால், அந்தக் கதை யாருக்கு உதவுகிறது? “பாருங்கள், உழைத்தால் முடிகிறது” என்று சொல்ல அவர்களுக்கு உதவுகிறது. உழைத்தும் முடியாத என் பழைய ஆசிரியர் அறை முழுவதையும் அது சோம்பேறிகளாக்குகிறது. என்னோடு வேலை பார்த்த இயற்பியல் ஆசிரியர் என்னைவிடக் கூர்மையானவர். வயது வரம்பு தாண்டிவிட்டது. இரண்டு பிள்ளைகள். அவர் இன்னும் அதே நான்கு பிரிவுகளுக்கு நடத்துகிறார். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது திறமை வித்தியாசம் அல்ல. என் தங்கைக்கு வேலை கிடைத்தது, அவருடைய தம்பிக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான். இதை ‘விடாமுயற்சி’ என்று படம் போட்டால் அது பொய்.

இன்னொரு பேச்சும் நம்மிடையே உண்டு. பருவநிலை, பசுமை ஆற்றல் எல்லாம் மேட்டுக்குடி விஷயம், நமக்கு நிலமும் கூலியும்தான் முக்கியம் என்று. தகரக் கூரைக்குக் கீழே மே மாதத்தைக் கழிப்பவர் யார், உச்சி வெயிலில் சாலை போடுபவர் யார் என்று யோசித்தால் இந்தப் பேச்சு நிற்காது. நம் இயக்கத்துக்கு ஆற்றல் ஒன்றும் அந்நியமான துறையும் அல்ல. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது பாசனமும் மின்சாரமும் அண்ணலின் பொறுப்பில்தான் இருந்தன. மத்திய தொழில்நுட்ப மின்சார வாரியம் அமைந்ததும் தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் உருப்பெற்றதும் அந்தக் காலத்தில்தான். மலிவான மின்சாரம் இல்லாமல் தொழில்மயம் இல்லை, தொழில்மயம் இல்லாமல் ஏழைகள் நிலத்தின் பிடியிலிருந்து வெளியேற முடியாது என்பது அவர் பார்வை. மின்சாரத்தை அவர் சாதி ஒழிப்பின் கணக்கிலும் வைத்துப் பார்த்தார்.

பசுமை ஹைட்ரஜன் மையங்களாக அறிவிக்கப்பட்ட மூன்று துறைமுகங்களில் தூத்துக்குடியும் ஒன்று. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேதிக் கணக்குப்படியே ஒன்பது லிட்டர் தூய நீர் வேண்டும், நடைமுறையில் அதைவிட அதிகம். அந்த நீர் எங்கிருந்து வரும், உப்பு நீக்கிய கழிவு எந்தக் கடலில் விடப்படும், சூரிய மின்தகடுகள் யார் மேய்த்த, யார் உழுத நிலத்தில் நிற்கும் என்று கேட்கத் தெரிந்தவர்கள் ஆய்வகத்துக்குள் இருக்க வேண்டாமா? கேள்வி கேட்பவர்கள் வாசலிலும் விடை எழுதுபவர்கள் உள்ளேயும் இருக்கும் வரை ‘பசுமை’ என்பது அக்ரகாரத்துத் தோட்டத்தின் நிறம்தான்.

என்ன செய்ய வேண்டும்?

கேட்க வேண்டியவை தெளிவானவை. பள்ளி, கல்லூரி ஆசிரியப் பணியை ஆய்வுச் சேர்க்கையில் அனுபவமாகக் கணக்கிட்டு மதிப்பெண் கொடுக்க வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு உதவித்தொகை வயது வரம்பை நீக்க வேண்டும். உதவித்தொகை அரசு ஊழியர் சம்பளம் போல மாதக் கடைசியில் வர வேண்டும், தாமதமானால் அந்த நிறுவனமே முன்பணம் கொடுத்துப் பிறகு வசூலித்துக்கொள்ள வேண்டும். முனைவர் பட்டச் சேர்க்கையைத் துறைவாரியாக, சாதிவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நிரப்பாத இடங்களுக்கு, விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், எந்தக் கட்டத்தில் கழிக்கப்பட்டார்கள் என்ற காரணத்தோடு வெளியிட வேண்டும். நேர்முகத் தேர்வு மதிப்பெண்ணை விண்ணப்பித்தவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஹைட்ரஜன் திட்டம் போன்ற பொதுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு ஆய்வுத் திட்டத்திலும் ஆய்வாளர் நியமனத்துக்கு இடஒதுக்கீடு கட்டாயமாக வேண்டும். நெறியாளருக்குத் தெரிந்தவரின் தெரிந்தவர் என்ற முறையில் திட்டப் பணிகள் நிரப்பப்படுவதை நிறுத்த வேண்டும்.

இதில் ஒன்றுகூடப் புரட்சி அல்ல. எல்லாம் கணக்கு வழக்கு. கணக்கைக் காட்டச் சொன்னாலே அவர்களுக்குப் பதற்றம் வருகிறது என்பதுதான் நமக்குக் கிடைக்கும் தடயம்.

போன வாரம் அந்தக் கடைசி பெஞ்ச் மாணவி அழைத்தாள். வேதியியலில் எம்.எஸ்சி. முடிக்கப்போகிறாள். வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள். ஒரு தனியார் பள்ளியில் வேலையும் பேசிவிட்டார்கள், 14,000 சம்பளம். “ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டு அப்புறம் பிஎச்.டி. போலாமா மிஸ்? கேப் ஆயிடுமா?” என்று கேட்டாள்.

அந்தச் சொல் அவளிடமும் வந்து சேர்ந்துவிட்டது. நான் அவளுக்கு நெட் தேர்வுத் தேதியைச் சொன்னேன். என் பழைய குறிப்பேடுகளை அனுப்பிவைத்தேன். வேலைக்குப் போக வேண்டிய நிலை இருந்தால் போ, வெட்கப்பட எதுவும் இல்லை என்றேன். வேறென்ன சொல்வது? ‘நானும் இப்படித்தான் வந்தேன்’ என்று சொல்ல வாய் வரவில்லை. நான் வந்த வழியிலேயே அவளும் வர வேண்டும் என்றால், நான் உள்ளே வந்து என்ன பயன்?

அவள் எந்த முடிவெடுத்தாலும், இரண்டு ஆண்டோ ஆறு ஆண்டோ கழித்து ஒரு நேர்முகத் தேர்வு அறையில் அவள் உட்காரும்போது அந்தக் கேள்வி கேட்கப்படக் கூடாது. அதற்கு முன்பு அந்தப் படிவத்தை மாற்றியாக வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்தின் படிவத்திலிருந்து தொடங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதப் பத்து ரூபாய் போதும். உங்கள் துறையில் கடந்த ஐந்து ஆண்டுகளில் முனைவர் பட்ட இடங்கள் யாருக்குப் போயின என்று கேளுங்கள். பதில் வந்தால் வெளியிடுங்கள். வராவிட்டால் வரவில்லை என்பதையும் வெளியிடுங்கள்.